கணக்கு வராத ஆஸ்பெர்ஜர் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், ஆட்டிசம் வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்ஜர் என்னும் நிலை உள்ள குழந்தைகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முக்கால் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி கூற வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல்லையே நம் பத்திரிகைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால், இக்குழந்தைகளுக்குக் கணிதம் பிறவியிலேயே கைவந்துவிடுகிறது என்றும், பெற்றோர் அதைக் கண்டறிந்து ஊக்குவித்தால் போதும் என்றும் கட்டுரை முடிகிறது. அந்த முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இருபத்தாறு ஆண்டுகளாகப் பள்ளியில் கணிதம் கற்பித்து வருகிறேன். என் மகனுக்கு ஆஸ்பெர்ஜர் இருப்பதாக 2012-ல், அவனுடைய ஐந்தாவது வயதில், எழுதிக் கொடுத்தார்கள். 2023-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவன் கணிதத்தில் பெற்றது நூற்றுக்கு 38. இம்மூன்று செய்திகளையும் ஒருசேரக் கேட்பவர்கள், ஏதோ ஒன்றில் நான் பொய் சொல்கிறேன் என்பதுபோல என்னைப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது.

உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில், பந்திக்குக் காத்திருந்த வேளையில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் என் மகன் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “தம்பி, 1987 மார்ச் 4-ஆம் தேதி என்ன கிழமை? டக்குனு சொல்லு பார்ப்போம்” என்றார். அவன் சிறிது யோசித்துவிட்டு, “தெரியாது மாமா. காலண்டர்ல பார்க்கணும். உங்க போன்லயே இருக்கும்” என்றான். சரியான பதில்தான். அவருக்கு மட்டும் முகம் சுருங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, “அப்ப இவனுக்கு என்னதாம்மா வரும்?” என்று கேட்டார். திரைப்படத்தில் பார்த்த வித்தையை நேரில் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்தவர் அவர். நாட்காட்டிக் கணக்கை மனத்திலேயே போடக்கூடியவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடையேயும் அவர்கள் சிறுபான்மையினரே என்பது அவர் பார்த்த படத்தில் சொல்லப்பட்டிருக்காது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஹான்ஸ் ஆஸ்பெர்ஜரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த அவர் 1944-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய நீண்ட கட்டுரையில், தாம் கவனித்து வந்த சிறுவர்களை விரிவாக விவரிக்கிறார். அதில் ஒருவர் குழந்தைப் பருவத்திலேயே வடிவியலில் மூழ்கியவர். வளர்ந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சில காலத்திலேயே நியூட்டனின் கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, பின்னாளில் வானியல் துறையில் உதவிப் பேராசிரியர் ஆனவர். 1981-ல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அந்தக் கட்டுரையைத் தூசி தட்டி எடுத்து, ஆஸ்பெர்ஜரின் பெயரையே இந்நிலைக்குச் சூட்டியபின், நியூட்டனைத் திருத்தியவரின் கதை உலகெங்கும் பரவியது. அதே கட்டுரையில் வரும் ஹாரோ என்ற எட்டரை வயதுச் சிறுவனை அவ்வளவாக யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கணித ஆசிரியை என்ற முறையில் எனக்கு முக்கியமானவன் அவன்தான்.

52-லிருந்து 25-ஐக் கழிக்கச் சொன்னதற்கு ஹாரோ இப்படிச் செய்தான்: 25-ன் இரண்டு மடங்கு 50, அதனுடன் 2 சேர்ந்தால் 52, ஆகவே 25-உடன் 2-ஐச் சேர்த்தால் விடை 27. தக்கையோடு சேர்ந்த ஒரு புட்டியின் விலை 1 ஷில்லிங் 10 குரோஷன் (நூறு குரோஷன் ஒரு ஷில்லிங்), தக்கையைவிடப் புட்டி 1 ஷில்லிங் கூடுதல் என்றால் ஒவ்வொன்றின் விலை என்ன என்ற கேள்விக்கு, பெரியவர்களே பெரும்பாலும் சறுக்கும் இடத்தில், ஐந்தே நொடியில் தக்கை 5 குரோஷன் என்று சொல்லி, காரணத்தையும் விளக்கினான். இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனால் ஆஸ்பெர்ஜர் அங்கேயே நிறுத்திக்கொள்ளவில்லை. ஹாரோவின் சொந்த வழிகள் எவ்வளவு புத்திசாலித்தனமானவையாக இருந்தாலும், பல நேரங்களில் சிக்கலாகிப் பிழையான விடையில் போய் முடிந்தன என்றும், பத்துகளைக் கழித்துப் பிறகு ஒன்றுகளைக் கழிக்கும் சாதாரணப் பள்ளி வழி அவனுக்குத் தோன்றவே இல்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆக, இந்தக் குழந்தைகளைப் பற்றிய தொடக்ககாலப் பதிவிலேயே கணித மேதையும் இருக்கிறார், கழித்தல் கணக்கில் வழிதவறும் சிறுவனும் இருக்கிறான். நாம் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

தங்கள் கட்டுரை சான்றாகக் காட்டும் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கு வருகிறேன். சைமன் பாரன்-கோஹனும் அவருடைய குழுவினரும் 2007-ல் வெளியிட்ட அந்த ஆய்வில், கணிதம் படித்த 378 மாணவர்களில் 7 பேருக்கு ஆட்டிசம் வகை நிலை கண்டறியப்பட்டிருந்தது. பிற துறைகளில் படித்த 414 பேரில் ஒருவருக்கு மட்டுமே. விகிதம் ஏழு மடங்குக்கும் மேல் என்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தேற்றம் உண்மையானால் அதன் மறுதலையும் உண்மையாக வேண்டும் என்பதில்லை என்று எங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். 6-ஆல் வகுபடும் எண்கள் எல்லாம் 2-ஆல் வகுபடும். 2-ஆல் வகுபடும் எண்கள் எல்லாம் 6-ஆல் வகுபட்டுவிடுவதில்லை. கேம்பிரிட்ஜ் கணித வகுப்புக்குள் சென்று ஆட்டிசம் உள்ளவர்களை எண்ணுவது ஒரு கணக்கு. ஆஸ்பெர்ஜர் உள்ள பிள்ளைகளை ஓரிடத்தில் திரட்டி, அவர்களில் எத்தனை பேருக்குக் கணிதம் வருகிறது என்று எண்ணுவது முற்றிலும் வேறொரு கணக்கு. முதல் கணக்கின் விடையை இரண்டாவது கணக்கின் கீழ் எழுதினால் எந்த ஆசிரியரும் மதிப்பெண் தரமாட்டார். தவிரவும், அந்த 378 பேரில் 371 பேருக்கு இந்நிலை இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான்.

இரண்டாவது கணக்கையும் போட்டிருக்கிறார்கள். அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, விநோதமாக அதே 2007-ல்தான் வந்தது. ஆஸ்பெர்ஜர் உள்ளவர்களில் பெரும்பான்மையினரின் கணிதத் திறன் சராசரி அளவே என்றும், அவர்களுடைய பொது அறிவுத்திறனோடு ஒப்பிட்டால் கணிதம் சற்றுப் பின்தங்கியே இருக்கிறது என்றும், ஒரு சிலர் மட்டுமே உண்மையிலேயே மேதைகள் என்றும் அது கூறியது. இரண்டாண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஆட்டிசம் வகையைச் சேர்ந்த, 14 முதல் 16 வயது வரையிலான 100 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு இன்னும் நுணுக்கமானது. அறிவுத்திறனைவிடக் கணக்கு உயர்ந்து நின்றவர்கள், தாழ்ந்து நின்றவர்கள், வாசிப்பு உயர்ந்தவர்கள், தாழ்ந்தவர்கள் என்று அவர்கள் தனித்தனியே பார்த்தார்கள். கணக்கு உயர்ந்து நின்ற கூட்டமே இவற்றுள் பெரியது. இது என் வாதத்துக்குச் சாதகமானதல்ல என்றாலும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பெரிய கூட்டமும் ஆறில் ஒரு பங்கு அளவுதான். நூறில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு பாடத்திறன் அவர்களுடைய அறிவுத்திறனிலிருந்து வெகுவாக விலகி, மேலேயோ கீழேயோ நின்றது. மேடும் பள்ளமுமாக இருப்பதுதான் இந்தப் பிள்ளைகளின் பொது இயல்பு. எது மேடு, எது பள்ளம் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறும்.

என் மகனுடைய பள்ளங்களை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் அமைப்பை வாசகர்கள் பலர் அறிவார்கள். முதல் பகுதியில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டாம் பகுதியில் 14 வினாக்கள் கொடுத்து ஏதேனும் 10-க்கு விடை கேட்பார்கள். அதில் 28-ஆம் வினா கட்டாயம். மூன்றாம் பகுதியிலும் அப்படியே; அங்கே 42-ஆம் வினா கட்டாயம். நான்காம் பகுதியில் செய்முறை வடிவியலும் வரைபடமும். திருப்புதல் தேர்வு ஒன்றில் அவனுடைய விடைத்தாளை வாங்கிப் பார்த்தபோது, இரண்டாம் பகுதியில் வினா எண்களை மட்டும் எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, மீண்டும் அடித்திருந்தான். ஏறத்தாழ அரை மணி நேரம் அதிலேயே போயிருந்தது. வீட்டில் உட்கார்த்தி அதே வினாக்களைக் கேட்டால் எட்டுக்குச் சரியாகவே விடை சொன்னான். “அப்புறம் ஏன்டா எழுதலை?” என்று கேட்டேன். “எதை விடணும்னு அதுல போடலையேம்மா” என்றான். மெல்லக் கற்கும் பிள்ளைக்குச் சலுகையாக இருக்கட்டும் என்று வைக்கப்பட்ட ‘ஏதேனும்’ என்ற சொல்தான் அவனுக்கு அந்த வினாத்தாளிலேயே கடினமான வினா.

வடிவியலும் வரைபடமும் இன்னொரு கதை. இரண்டுக்கும் சேர்த்து 16 மதிப்பெண். தேறுவதற்கே தத்தளிக்கும் பிள்ளைகளை இந்த இரண்டை வைத்துத்தான் கரையேற்றுகிறோம். எத்தனையோ பிள்ளைகளை நானே அப்படிக் கரையேற்றியிருக்கிறேன். என் மகனுக்கோ விரல்கள் அவ்வளவாகச் சொன்ன பேச்சுக் கேட்காது. கவராயத்தின் முள் நழுவும், நழுவாமல் அழுத்தினால் தாள் கிழியும், வில் வரைவதற்குள் பென்சில் முனை உடையும். ஆஸ்பெர்ஜர் உள்ள குழந்தைகள் பலரிடம் இந்தக் கைத்தடுமாற்றம் உண்டு. மருத்துவர் ஆஸ்பெர்ஜரே இதைக் குறித்து வைத்திருக்கிறார். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து இரு கப்பல்களின் இறக்கக்கோணம் என்று தொடங்கும் வாக்கியக் கணக்குகளில், முக்கோணவியல் அட்டவணையை ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு, அந்த நீண்ட வாக்கியத்திலிருந்து ஒரு படத்தை வரைந்தெடுக்கத் தெரிவதில்லை. எண்ணில் அவனுக்குப் பெரிய பகை இல்லை. எண்ணைச் சுற்றியிருக்கும் மொழி, தேர்வு செய்யும் பொறுப்பு, கை, கடிகாரம் ஆகியவைதான் அவனை வீழ்த்துகின்றன. இவையெல்லாம் ஆஸ்பெர்ஜரோடு சேர்ந்தே வருபவை என்பதை நினைத்துப் பார்த்தால், இப்பிள்ளைகள் கணிதத்தில் சிறந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு வேடிக்கையானது என்பது விளங்கும்.

இந்த எதிர்பார்ப்பு பாராட்டுப் போலத்தானே இருக்கிறது, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் கேட்டு விண்ணப்பிக்க நான் சென்றபோது, அவன் படித்த பள்ளியின் தலைமையாசிரியர், “மொழிப்பாடத்துக்குச் சரி. கணக்குக்குமா கேக்கறீங்க? கணக்குதான் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடாச்சே, டீச்சர்” என்றார். அவனுடைய திருப்புதல் தேர்வு மதிப்பெண்களை எடுத்துக் காட்டியதும் அவர் அடுத்த படிக்குப் போனார்: “கணக்கு இவ்வளவு வீக்குன்னா, இது ஆஸ்பெர்ஜர்தானான்னு இன்னொரு இடத்துல காட்டிப் பாருங்களேன்.” நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தங்கள் கட்டுரையைப் போன்றவற்றைப் படித்துத்தான் அவரும் தெரிந்துகொண்டிருப்பார். கடைசியில் நேரம் கிடைத்தது. அதற்காக நான்கு முறை அலைந்தேன். நான் ஆசிரியை என்பதால் அலையத் தெரிந்தது. வயல் வேலைக்குப் போகும் தாய் ஒருத்தி முதல் முறையே திரும்பிப் போயிருப்பாள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எண்களைக் கையாள்வதில் தடுமாற்றம் தரும் டிஸ்கால்குலியா இரண்டாவதில் அடங்கும். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கத் தடையேதும் இல்லை. ஆனால் ஆஸ்பெர்ஜர் என்ற சொல்லைக் கேட்டதும் கணக்கு நன்றாக வரும் என்ற முடிவுக்கு வந்துவிடுபவர்கள், கணக்குக்கெனத் தனியே ஒரு சோதனை செய்து பார்க்க எப்படி அனுப்புவார்கள்? பிள்ளை சோம்பேறி, வீம்புக்குச் செய்கிறான் என்பதுதான் அடுத்த முடிவாக இருக்கும்.

கணக்கு உண்மையிலேயே வரும் பிள்ளையையும் இந்த நம்பிக்கை விட்டுவைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கணிதத்தில் 98 வாங்கினாள். கரும்பலகையில் நான் செய்யும் பிழைகளை எழுந்து நின்று முகதாட்சண்யம் பார்க்காமல் சொல்வாள். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பதை அவள் தாய் சொல்லித்தான் அறிந்தேன். அவளுக்கு உதவி கேட்டபோதெல்லாம், இவ்வளவு மார்க் வாங்கும் பெண்ணுக்கு என்ன குறை என்றே பதில் வந்தது. கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்து இரைச்சலைத் தாங்க முடியாமல், முதல் பருவம் முடிவதற்குள் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நானும் அந்த 98-ஐ மட்டுமே பார்த்தவர்களில் ஒருத்தி. என் வீட்டிலேயே ஒருவன் இருந்தும்.

தங்கள் கட்டுரையோடு இராமானுஜனின் படத்தையும் அச்சிட்டிருந்தீர்கள். அவருக்கு ஆஸ்பெர்ஜர் இருந்திருக்கலாம் என்று மேல்நாட்டு மனநல மருத்துவர் எழுதியதுண்டு. 1920-ல் மறைந்தவரை யாரும் இன்று சோதித்துப் பார்க்க முடியாது. கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர மற்றவற்றில் கவனம் செலுத்தாமல் உதவித்தொகையை இழந்தார் என்பதிலிருந்து நோயறிதல் எழுதினால், எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு எழுத வேண்டியிருக்கும். அப்படியே இருந்திருந்தாலும், ஒரு குழந்தையின் பக்கத்தில் இராமானுஜனை நிறுத்தி வைப்பது அக்குழந்தைக்குச் செய்யும் உதவி ஆகாது. தமக்கு ஆஸ்பெர்ஜர் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் காலநிலைப் போராளி கிரெட்டா துன்பர்க்கின் படத்தை ஏன் போடவில்லை என்றும் யோசித்தேன். அவரிடம் யாரும் பெருக்கல் வாய்ப்பாடு கேட்பதில்லை என்பதாலோ என்னவோ.

இந்தப் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-லேயே ஆஸ்பெர்ஜர் என்ற தனிப் பிரிவை நீக்கி, ஆட்டிசம் என்ற பெரிய வகைக்குள் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அவ்வழியிலேயே சென்றது. எங்களைப் போன்ற பழைய சான்றிதழ்க்காரர்கள்தான் பழக்கத்தில் இப்பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2018-ல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் வியன்னாவின் ஆவணங்களைத் தோண்டி எடுத்து, நாஜிகள் குழந்தைகளைக் கொன்ற ‘அம் ஸ்பீகல்குருண்ட்’ என்ற மருத்துவமனைக்கு ஆஸ்பெர்ஜரும் குழந்தைகளை அனுப்பியிருக்கிறார் என்று நிறுவினார். அங்கே மாண்ட குழந்தைகள் 789 பேர். அத்தகைய காலத்தில், தம்முடைய சிறுவர்களில் சிலர் சமூகத்துக்குப் பயன்படுவார்கள் என்று காட்டவே ஆஸ்பெர்ஜர் அவர்களுடைய சிறப்புத் திறன்களை எடுத்துச் சொன்னார் என்று கருதுவோர் உண்டு. அது சரியோ தவறோ, திறமையைக் காட்டினால்தான் இருக்க இடம் என்ற அந்தக் கணக்கை நினைக்கும்போது, பந்தியில் கேட்கப்பட்ட “இவனுக்கு என்னதான் வரும்” என்ற கேள்வி எனக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது. என் மகனுக்குப் பழைய மிக்சி, மின்விசிறி போன்றவற்றைக் கழற்றிப் பார்ப்பதில் பெருவிருப்பம். அதிலும் அவன் மேதை அல்ல; கழற்றியதில் பாதியைத்தான் திரும்ப மாட்டுவான். மீதி ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறது.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட பத்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதே எழுத்தளவில், அதே இணைப்பில். கணக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர், வராத பிள்ளைகளின் பெற்றோர் ஆகிய இரு சாராரிடமும் சிறப்பாசிரியர்களிடமும் பேசி, தேர்வுச் சலுகைகளுக்கு யாரிடம், எப்போது, எந்தச் சான்றோடு விண்ணப்பிப்பது என்று ஒரு கட்டுரை எழுதச் செய்யுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் வந்தால் அதை வெட்டி எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டுகிறேன்.

இக்கடிதத்தை அனுப்பும் முன் மகனிடம் படித்துக் காட்டினேன். மதிப்பெண்ணைப் போடலாம், பெயரைப் போடக் கூடாது என்றான். எனவே என் பெயரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு கணித ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.